போயிட்டு வரேன்

செண்பகத்தின் புது மடிக்கணினி வீட்டு வைஃபையில் இணைய மறுத்தது. கடவுச்சொல் சரிதான். ஆனாலும் திரையில் கணவரின் பெயரோடு அதே வரி வந்தது: “தணிகாசலம் அனுமதிக்க வேண்டும். அவர் வெளியே போயிருக்கிறார். காத்திருக்கவும்.”

பழுது பார்க்க வந்த நிலோஃபர், குரல் கேட்டு வீட்டையே இயக்கும் அந்த ரவுட்டரைச் சோதித்தாள்.

“சார் எப்பக்கா வருவாரு? அவர் குரல்ல ஒரு ‘சரி’ போதும். ஆம்பளைங்க அதுக்கே யோசிப்பாங்க.”

“மாசியில தவறிட்டாரு.”

நிலோஃபரின் முகம் மாறிவிட்டது. “மன்னிச்சுக்கங்கக்கா. வீட்டுக்கு அவர் குரல்ல கடைசியா கேட்டது ‘போயிட்டு வரேன்’தான். அதான் எதிர்பார்த்துட்டே இருக்கு.”

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற மனுஷன ‘போறேன்’னு சொல்ல விடுவோமா?”

“வீட்டு ஆளு யாராவது அவர் வரமாட்டாருன்னு சொல்லணும்க்கா. அப்பதான் பொறுப்பு உங்களுக்கு மாறும்.”

துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூடச் செண்பகம் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவளுடைய முதல் வேலை இன்னும் சற்று நேரத்தில் அந்த மடிக்கணினியில் தொடங்க இருந்தது. அவள் ரவுட்டர் பக்கம் குனிந்தாள்.

“அவர் வரமாட்டார்.”

வீட்டுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக ஒருமுறை சொல்லவேண்டியிருந்தது.

மடிக்கணினி இணைந்தது.

அன்று இருட்டியபோது வாசல் விளக்கு தானாக எரியவில்லை. வெளியே போனவர் திரும்பும்வரை எரிகிற விளக்கு அது. இனி வரவேண்டியவர் யாருமில்லை என்று வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

செண்பகம் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டாள்.