மறுபாதி

லேபிள் இல்லாத கல்லுக்கு இங்கே இடமில்லை என்று அருங்காட்சியகக் காப்பாளர் பத்மாசனி மேடம் சொல்லிவிட்டார். எந்த ஊரில் எடுத்தது என்று தெரியாத புதைபடிவம் ஆராய்ச்சிக்கு உதவாது. மாலைக்குள் இந்தக் கல் தோட்டத்துப் பாத்தி ஓரத்துக்குப் போய்விடும். கல்லில் ஓர் இலை இருந்தது. அதன் இடது ஓரத்தை ஏதோ ஒரு பூச்சி தின்றுவிட்டுப் பாதியில் எழுந்து போயிருந்தது. புதைபடிவங்களின் படங்களைக் கணினியில் ஏற்றும் ஹெப்சி அதை ஸ்கேன் செய்து, எல்லா அருங்காட்சியகக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். மூன்று மணிக்கு வேறோர் அருங்காட்சியகத்திலிருந்து இன்பராஜ் என்பவர் அழைத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இதே மாதிரி ஒண்ணு எங்ககிட்ட இருக்குங்க, ஊர் பேரோட. படம் அனுப்பியிருக்கேன். ஆனா அதுல கடி வலது பக்கம். வேற இலை போல."

"பரவால்லங்க" என்றாள் ஹெப்சி. ஆனாலும் அவர் படத்தை இடம்வலமாகத் திருப்பித் தன் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். நரம்புக்கு நரம்பு, கடிக்குக் கடி பொருந்தியது. யாரோ கல்லைப் பிளந்தபோது ஒரே இலை இரண்டு பாதியிலும் எதிரெதிராகத் தங்கிவிட்டிருக்கிறது.

"ஒரே இலைதாங்க. ஒரே கல்லு."

"அட. அப்ப ஒரே எண் போட்டுரலாம். எங்களுது ஏ, உங்களுது பி."

கல்லுக்கு ஊர் கிடைத்துவிட்டது; ஹெப்சிக்கு அதுவே போதும். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னாலிருந்து ஒரு கை போனை வாங்கியது.

"தம்பி, நான் பத்மாசனி பேசறேன். நீங்க வெச்சிருக்கறது வெறும் அச்சு. இலை எங்க கல்லுலதான் இருக்கு. பி-யை நீங்க போட்டுக்குங்க."

மேடத்தின் இன்னொரு கை மேசைமேல் இருந்த கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.