இருபத்தைந்து வருட விடுமுறை

“நம்ம ரிசார்ட் கிளப்புல மெம்பராச் சேர்ந்து, ரூம்ல தங்குறதுக்கான பாயிண்ட் வாங்கிட்டா இருபத்தஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்லம்மா. கொடைக்கானல், மூணாறு, கோவா, எங்குட்டு வேணாலும் போகலாம்” என்றார் மேனேஜர் வெங்கட்ராமன்.

காரைக்குடி ஓட்டல் ஹாலில் அவர் எதிரே சத்தியப்பிரியா மட்டுந்தான் மிச்சம். பள்ளத்தூரிலிருந்து வந்த தம்பதிகூட இலவசச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நழுவிவிட்டார்கள்.

“சீசன்ல ரூம் கிடைக்குமா சார்?”

“மூணு மாசம் முந்தியே சொல்லிட்டா கிடைக்கும்.”

“பராமரிப்புக் கட்டணம்னு வருசா வருசம் ஏத்துறாகளே?”

“எதுலதான் ஏத்தல? போகாத வருசத்துப் பாயிண்ட் அடுத்த வருசத்துல சேர்ந்துக்கிரும். ஒண்ணும் வீணாப் போகாது.”

அவர் சொல்லப்போகும் பதிலெல்லாம் அவளுக்கு வரி பிசகாமல் தெரியும். இருந்தும் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டியதில்லையே.

“இன்னைக்கு முப்பத்தொண்ணாந் தேதி. இன்னைக்கே முடிவு பண்ணணும்மா” என்று பேனாவை நீட்டினார்.

போட்டாள். முதல் தவணைப் பணம் கணக்கிலிருந்து போய்விட்டதாக போனில் செய்தி வந்தது.

“சார், எங்கம்மா மலையையே பார்த்ததில்ல. மே மாசம் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு...”

வெங்கட்ராமன் படிவத்தை ஃபைலில் செருகினார்.

“மே மாசமா? சீசன்ல நம்ம ஆபீஸ்ல யாருக்கும்மா லீவு? இந்த மாசமும் ஒரு மெம்பர்கூடச் சேர்க்காம இருந்திருந்தா உன் வேலையே போயிருக்கும். இப்ப ஒண்ணு ஆச்சுல்ல? காலைல ஒன்பது மணிக்கு வந்துரு. அடுத்த மாசத்துக்கு ரெண்டு பேரைச் சேர்க்கணும்.”