பொருளியல் வாத்தியாரின் கையெழுத்து

“கையெழுத்து மட்டும் என்கிட்ட கேக்காதீங்கம்மா,” என்று சொல்லிவிட்டு வாத்தியார் போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியின் சலவை அறையில், மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று அவள் போனையே பார்த்தாள். மூன்று வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு ஒரு கையெழுத்துப் போடக் கசக்கிறதா? இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆசிரியர் கையெழுத்தோடு விண்ணப்பப் பாரம் போய்ச் சேராவிட்டால் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது.

பரீட்சை எழுதாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் பதவி, அவளுக்கு எட்டு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குப் போய்விடும். பதினாறு வருஷமாய் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அந்தப் பதவியில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயமே, அதற்கு ஒரு நாற்காலி உண்டு என்பதுதான்.

அஞ்சல் வழியில் படிக்கிறவர்களுக்கு உள்ளூர்ப் படிப்பு மையத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கும். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வர முடியாதவர்கள் ஆசிரியரிடம் போனில் சந்தேகம் கேட்கலாம் என்று சொல்லி, சேர்க்கை ரசீதின் மூன்றாவது கார்பன் பிரதியில் மங்கலாக ஒரு நம்பரைக் கொடுத்திருந்தார்கள்.

அந்த நம்பரை அவள் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். வாரம் ஒரு தடவையாவது பேசிவிடுவாள். தன்னோடு பேசுவதைவிட வாத்தியாரோடுதான் அதிகம் பேசுகிறாள் என்று வீட்டுக்காரர்கூடக் குறைபட்டுக்கொண்டார்.

வாத்தியார் நல்லவர், ஆனால் சரியான சோம்பேறி என்பது அவள் கட்சி. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. பாடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார், இரண்டு நாள் கழித்துக் கூப்பிடச் சொல்வார். வாத்தியாருக்கு மாணவி புத்தகம் அனுப்பும் கூத்து வேறெங்காவது உண்டா? ஆனால் அந்த இரண்டு நாள் போனதும், பச்சைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி விளக்குவார். அதற்காகவே அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள். நேரிலேயே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு. படிப்பு மையம் இரண்டாவது மாடியில் இருந்தது. ஏறி முடிப்பதற்குள் அந்த நாலு வார்த்தையில் இரண்டு மறந்துபோயிற்று.

பொருளியல் அறையில் ஒரு அம்மாள் மட்டும் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவளைவிட அவர் அசந்துபோயிருந்தார்.

“பொருளியல் சார் எங்கீங்க?”

“சாரா? மூணு வருஷமா இங்க பொருளியல் நான்தாம்மா.”

அந்த அம்மாள் பாரத்தை வாங்கிப் பார்த்து, தன் பதிவேட்டில் அவள் பெயரைத் தேடி எடுத்தார். பெயருக்கு எதிரே முதல் வருஷத்திலிருந்து கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

“வகுப்புக்கும் வரல, ஒரு போன்கூடப் பண்ணல. நான் உங்களுக்கு வழிகாட்டினேன்னு எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?”

நூறு தடவைக்கு மேல் பேசியிருப்பதாகச் சொல்லி, அவள் தன் போனில் இருந்த அழைப்புகளைக் காட்டினாள். அது தன் நம்பர் இல்லை என்பதைத் தவிர அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

“சரி, ஒண்ணு கேக்குறேன். தேவை நெகிழ்ச்சின்னா என்ன? புத்தகத்துல இருக்கிறதை ஒப்பிக்கக் கூடாது.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“டயர் பஞ்சரானா கடைக்காரர் எவ்வளவு கேட்டாலும் குடுத்துட்டுத்தான் போவோம் மேடம். அதுல நெகிழ்ச்சி கம்மி. வண்டி கழுவுற கூலியைக் கொஞ்சம் ஏத்தினா, வீட்டுலயே கழுவிக்கலாம்னு போயிடுவோம். அதுல ஜாஸ்தி.”

அம்மாள் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். இன்னும் மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் இதே தினுசில் பதில் வந்தது. பிறகு பாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தன் வகுப்பில் ஒருவருக்கும் இது இவ்வளவு லேசாகப் புரிந்ததில்லை, சொல்லிக்கொடுத்தது யார் என்று அம்மாள் கேட்டார். அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அதே நம்பரைக் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தாள்.

சக்கரத்துக்குக் காற்று அடிக்கும் சத்தத்தோடு அந்தப் பழகிய குரல் வந்தது. கையெழுத்து கிடைத்துவிட்டது, நிஜமான பொருளியல் ஆசிரியர் எதிரிலேயே இருக்கிறார் என்று அவள் சொன்னாள்.

“அப்போ நீங்க யாருங்க?”

காற்று அடிக்கும் சத்தம் நின்றது.

“மொத நாள் போன்ல நீங்க அழுதுட்டீங்கம்மா. ராங் நம்பர்னு சொல்ல மனசு வரல.”