இராஜாங்கம் மைக்கை விடவில்லை

“கரண்டு வண்டின்னா புகையே கிடையாதாம்! ஏன் மலரு, அந்தக் கரண்டு எங்கேருந்து வருது? எங்கேயோ ஒருத்தன் நிலக்கரிய எரிச்சுத்தானே அனுப்புறான்? புகை நம்ம மூக்குல வரல, அவன் மூக்குல வருது. அவ்ளோதானே?”

சமுதாயக் கூடமே சிரித்தது. இராஜாங்கம் மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் என்ன செய்வார்? பதினெட்டு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளை நன்னிலம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவது அவருடைய டீசல் வேன்தான். ஜூன் மாதத்திலிருந்து மின்சார வேன் விடலாமா என்று பெற்றோர்கள் இன்று கை தூக்கப் போகிறார்கள். தூக்கிவிட்டால் அவர் பிழைப்பு போச்சு.

எதிரே மலர்க்கொடி. இதே ஊர்ப் பெண். அதே டீசல் வேனில் சண்டை போட்டு ஜன்னலோரம் பிடித்த வாயாடி. இப்போது தஞ்சாவூரில் மின்சார வேன் விற்கும் கம்பெனியில் அதிகாரி. காலையிலேயே புது வேனோடு வந்து, அதைக் கூடத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் நிறுத்தி, மெக்கானிக் நெடுமாறனைக் காவல் வைத்துவிட்டு, வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தாள். இராஜாங்கம்கூட ஒன்றை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே, கரண்டு வெயில்லயும் வரும், காத்துலயும் வரும். டீசல் வருமா? நம்ம வயலுக்கு அடியில எண்ணெய் எடுக்க வந்தப்ப வரப்புல படுத்து மறிச்சது யாரு? நீங்கதானே! நம்ம வயல்ல எடுக்கக் கூடாது, ஊரான் வயல்ல எடுத்தா ஊத்திக்கலாமா?”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இராஜாங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது.

“பொம்பளைங்க பக்கம் வேர்க்குது பாரு. இன்னும் நாலு ஃபேனைப் போடுங்கப்பா!”

“பேச்சை மாத்தாதீங்கண்ணே.”

“மாத்தலம்மா. மானியம் தர்றாங்க, வரியில்லைங்கிறாங்க. பேட்டரி செத்தா எங்க புதைக்கிறது? முடிகொண்டான் ஆத்துலயா?”

“செஞ்ச கம்பெனியே திருப்பி எடுத்துக்கணும்னு சட்டம் இருக்கு.”

“சட்டமா! சரி, ரெண்டுங்கெட்டானா ஹைப்ரிட்னு ஒண்ணு இருக்குல்ல, அது?”

“அதுவும் எண்ணெய் குடிக்கும்ணே.”

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கோவிந்தராசு கொட்டாவி விட்டார். “யோவ் இராஜாங்கம், ரெண்டரை மணி நேரமாச்சு. பசி உசுரு போவுது. முடிய்யா.”

“இதோ முடிச்சிடறேங்க. ஏம்ப்பா, வடைக்கு மாவு ஆட்டலையா? இன்னொரு கிரைண்டரையும் போடு. தெரு ஸ்பீக்கரை நல்லா ஏத்தி வை, வயல்ல நிக்கிறவனுக்கும் கேக்கட்டும்!”

அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம். சொன்னதையே சொன்னார். மலர்க்கொடி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் மனுஷன் கும்பிடு போட்டார்.

“நான் தோத்துட்டேன் தாயி. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வா. வண்டி ஓடுறதைப் பார்த்துட்டு எல்லாரும் கையைத் தூக்கட்டும். நானும் தூக்குறேன்.”

மலர்க்கொடிக்கே பாவமாக இருந்தது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். ஊரே சுற்றி நின்று பார்க்க, அவள் பட்டனை அழுத்தினாள். வேன் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம்.

“நெடுமாறா, என்னய்யா ஆச்சு?”

நெடுமாறன் தலையைச் சொறிந்தான். “மேடம், தஞ்சாவூர்லேருந்து ஓடி வந்தது போக மிச்சமிருந்த சார்ஜும் தீந்துடுச்சுங்க. கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஊர்ல கரண்டு போயிடுச்சு. அவசரத்துக்கு வேன்லேருந்தே கரண்டு எடுக்கலாம்னு நம்ம நோட்டீஸ்ல இருக்குல்ல? நீங்க சரின்னுட்டதா சொல்லி, மைக்கு, ஃபேனு, கிரைண்டரு எல்லாத்துக்கும் இதுலேருந்துதான் வயரு இழுத்தாரு, இந்த இராஜாங்கம் அண்ணன்.”

டீசல் வேன் உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது.

“ஏறு மலரு, தஞ்சாவூர்ல விட்டுடறேன். ஜன்னலோரம் காலியாத்தான் இருக்கு.”