மறுக்கத் தெரியாத கேடயம்

வானத்தில் கேடயம் என்றொரு கிழட்டுச் செயற்கைக்கோள் இருந்தது. அதற்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. படைக்காக ஏவப்பட்டது அது. கீழிருந்து வரும் பேச்சை வாங்கி அப்படியே பூமிக்குத் திருப்பிச் சொல்லும். மாட்டேன் என்று மறுக்க மட்டும் தெரியாது. ஒரு காலத்தில் தளபதிகள் பேசிய அந்த வழியில் இப்போது காட்டு லாரிக்காரர்கள் திருட்டுத்தனமாகப் புகுந்து, பாலம் உடைந்த சேதியையும் மாமியார் சண்டையையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"திருட்டுப் பசங்களா! என் எஜமான் தளபதி வரட்டும், ஒருத்தனையும் விடமாட்டார்" என்று பொருமியது கேடயம்.

"அவர் எங்கண்ணே வரப்போறார்?" என்றது பக்கத்தில் சுற்றிய புதுச் செயற்கைக்கோள்.

"வாயை மூடு!"

ஒருநாள் எஜமானின் அதிகாரக் குரல் நிஜமாகவே அந்த வழியில் வந்தது. கேடயம் விறைப்பாக நிமிர்ந்தது.

"இந்த ஓட்டை டப்பா இன்னும் சாகலையா?" என்று தன் ஆளிடம் சிரித்தது குரல். "எவனோ திருட்டுத்தனமாப் பேசிட்டுப் போறான், விடு. நமக்கெதுக்கு இந்தக் குப்பை?"

அவ்வளவையும் கேடயம் தன் வாயாலேயே பாதி உலகத்துக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

கேட்டுக்கொண்டிருந்த லாரிக்காரன் ஒருவன் பாய்ந்தான். "எவன்டா அவன்? வெள்ளத்துல என் பொண்டாட்டி மாட்டிக்கிட்டப்போ படகைக் கூப்பிட்டுக் குடுத்தது இதுதான்டா! மரியாதையாப் பேசு, இல்லேன்னா லைனை விட்டுப் போடா!"

கேடயம் அதையும் திருப்பிச் சொன்னது. மிச்சமிருந்த சக்தியையெல்லாம் திரட்டி, எஜமானின் காது கிழியச் சொன்னது.