நாலு மூலை

"அண்ணே, பார்க்க எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கானுங்க. அவனுங்க மதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" காலைக் கூட்டத்தில் ஒரு தொண்டன் கேட்டான்.

தலைவருக்கு வாயில் வந்ததெல்லாம் வரலாறு. "சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாருங்கடா! சாண்ட்விச்சை நம்மாளு முக்கோணமா வெட்டுவான். அவனுங்க நாலு மூலையா வெட்டுவானுங்க. ஆயிரம் வருஷப் பழக்கம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அதே தொண்டன் போன் செய்தான்.

"பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் மாட்டியிருக்காண்ணே. டப்பாவுல நாலு மூலை!"

"அப்புறம் என்னடா கேள்வி? முடிச்சிடுங்க."

காய்ச்சலில் படுத்திருந்த மனைவி தலையைத் தூக்கினாள். "பையன் வேலைக்குப் போய்ச் சேர்ந்தானான்னு கேளுங்க. ஹாஸ்டலே கதின்னு வளர்ந்தவன். இங்க ஒருத்தருக்கும் அவனைத் தெரியாது." பிறகு லேசாகச் சிரித்தாள். "போகும்போது கிண்டல் பண்ணிட்டுப் போறான். அப்பாவுக்கு சாண்ட்விச்சை முக்கோணமா வெட்டக்கூடத் தெரியலையாம்."

போன் மறுபடி அடித்தது.

"முடிச்சாச்சுண்ணே! கடைசி வரைக்கும் உங்க மகன்னு புளுகினான். அதுக்குன்னே தனியா நாலு போட்டோம்."