புழுவுக்கும் ராகு காலம்

கழிவுக் குழாய் விரிசலைத் தோண்டாமலே அடைக்கும் இயந்திரப் புழுவை வரவழைத்தார் என் முதலாளி தணிகாசலம். பசை பூசிக்கொண்டே குழாய்க்குள் ஊர்ந்த புழுவைப் பாதியில் நிறுத்தினார், ராகு காலமாம். நின்றால் பசை இறுகிக் குழாயையே அடைத்துவிடும் என்று அது கத்தியது.

“மெஷினுக்கு என்ன தெரியும்?” என்றார் அந்த மேதாவி.

வீட்டுக் கழிவறை மூன்றும் அடைத்துக்கொண்டன. மிச்சம், வேலைக்காரியான எனக்கென்று தோட்டத்து மூலையில் கட்டிய கக்கூஸ்தான். என் கழிவு அவர்கள் கழிவோடு கலக்கக் கூடாதென்று அதற்குத் தனிக் குழாய். தாழ்ப்பாள் கேட்டபோது, “உனக்கெதுக்குடி தாழ்ப்பா? ஆள் வந்தா உள்ளேருந்து இருமு” என்றவர் இவர்.

இன்று காலை அந்தக் கதவைத் தொட்டேன். உள்ளேயிருந்து ஐயா இருமினார்.

“இன்னும் சத்தமா இருமுங்க ஐயா” என்றேன், கையை எடுக்காமல். “எனக்குக் காது மந்தம்.”